சும்மா உட்கார வராதவளுக்கு எந்த ஓய்வு சரிப்பட்டது?

எனக்கு ஏடிஹெச்டி (கவனம் சிதறுவது, ஓரிடத்தில் நிலைகொள்ள முடியாதது போன்ற இயல்புகள் கொண்ட நிலை) இருப்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மாத்திரை அலுவலக வேலைக்குக் கைகொடுத்தது. ஓய்வு மட்டும் பிடிபடவில்லை. ஞாயிறு மதியம் வீடே உண்ட மயக்கத்தில் இருக்கும்போது நான் பரணிலிருந்து டப்பாக்களை இறக்கிக்கொண்டிருப்பேன். “உட்கார்ந்து காலாட்டாதடி, வீட்டுக்கு ஆகாது” என்று பாட்டி அதட்டாத நாள் கிடையாது. 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 மனநலக் கையேட்டின் ஏடிஹெச்டி அறிகுறிப் பட்டியலில், ஓய்வுப் பொழுதில் அமைதியாக எதிலும் ஈடுபட முடியாமல் போவதும் ஒன்று. பாட்டியிடம் காட்டியிருக்கலாம்!

மூச்சைக் கவனிக்கும் தியானம் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. எனக்குக் கண்ணை மூடியதும் கேஸ் புக் பண்ணவில்லை என்பது ஞாபகம் வரும், அதிலிருந்து வேறொன்று. போன் அதைவிட மோசம். படுத்தபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் மூளைக்குத் தீனி கிடைக்கும். எழுந்திருக்கும்போது கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும்.

சில வருடங்களாக நிலைத்திருப்பவை இரண்டு. ஒன்று, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு வருடங்களுக்கு முன் வகுத்தது. 1973இல் பெர்ன்ஸ்டீன், போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் அதை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள். முஷ்டியை ஐந்தாறு விநாடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட வேண்டும். விட்டதும் உள்ளங்கையில் ஒரு சூடு பரவும். அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த தசைக்குப் போக வேண்டும். ‘மனதை அடக்கு’ என்று சொல்லாமல் ‘இதைச் செய்’ என்று சொல்வதால்தான் எனக்குச் சரிப்பட்டது என்று நினைக்கிறேன். குறை உண்டு. கெண்டைக்காலை அதிகம் இறுக்கினால் குரக்களி பிடித்துக்கொள்ளும். தினமும் ஒரே வரிசையில் செய்தால் சலித்துவிடும். அதனால் ஒருநாள் காலிலிருந்து, ஒருநாள் நெற்றியிலிருந்து தொடங்குகிறேன்.

இன்னொன்று, பூ கட்டுவது. சாயங்காலம் உதிரி மல்லிகை வாங்கி வந்து, வாழைநாரை நனைத்துவைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. அழுத்தி இழுத்தால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் பூ உதிரும். அந்த அளவு கவனம் போதும், கால் தானாக ஆடாமல் நிற்கிறது. மொட்டு விரிவதற்குள் கட்டியாக வேண்டும் என்ற சின்ன அவசரமும் என் மாதிரி மூளைக்குத் தேவைதான். வாங்கிய பூ தீர்ந்தால் வேலையும் முடிந்தது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று இழுக்க வழியில்லை. போனில் இல்லாத வசதி இது.

இரண்டுமே எடுபடாத நாட்களும் உண்டு. ஐந்து மணிக்கு ஒருவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் மதியத்திலிருந்தே மனசு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். அன்றைக்கு ஓய்வுக்கு முயல்வதே இல்லை. நின்றபடி துணி மடிக்கிறேன், பாத்திரம் அடுக்குகிறேன்.

பூ கட்ட வராதவர்கள் சின்ன வெங்காயம் உரித்துப் பார்க்கலாம். கண் எரிச்சலுக்கு நான் பொறுப்பில்லை.