யூகான் எங்கே போய் உட்கார வேண்டும்? பிக் ஈஸ்ட்டா, பிக் 12ஆ, ஏ.சி.சி.யா?

யூகான் என்றால் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம். அதன் விளையாட்டு அணிகள் எந்தக் கூட்டணியில் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி. அதன் பெண்கள் கூடைப்பந்து அணி 2013 முதல் 2020 வரை ஏழு சீசன்கள் ஏ.ஏ.சி. (அமெரிக்கன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ்) என்ற கூட்டணியில் ஆடியது. அந்த ஏழு சீசன்களிலும் கூட்டணி அணி ஒன்றிடம்கூடத் தோற்கவில்லை. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? தப்பான பந்தியில் உட்கார்ந்தால் ஜெயிப்பதுகூட நஷ்டக் கணக்குதான் என்பதை யூகான் அங்கேதான் கற்றுக்கொண்டது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸ், அதாவது பள்ளிகளின் (அங்கே பல்கலைக்கழகத்தையும் அப்படித்தான் சொல்வார்கள்) கூட்டணி, என்பது லீக் மட்டுமல்ல, கூட்டுக் குடும்பம். பிக் ஈஸ்ட், பிக் 12, ஏ.சி.சி. எல்லாம் இப்படிப்பட்ட கூட்டணிகள்தான். டி.வி. ஒப்பந்தத்தைக் கூட்டணி மொத்தமாகப் போட்டு, வரும் பணத்தைப் பங்கு பிரிக்கும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்காக வருவது. யூகானின் தலைவலியே அங்கேதான். கூடைப்பந்தில் ஆண்கள் ஆறு முறை தேசிய சாம்பியன் (கடைசி இரண்டு 2023, 2024இல் அடுத்தடுத்து). பெண்கள் பன்னிரண்டு முறை. 1985 முதல் ஜீனோ ஆரியம்மாதான் பயிற்சியாளர். ஃபுட்பாலிலோ, 2018இல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி. எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளிக்கு மேல்.

இப்போது இருக்கும் இடம் பிக் ஈஸ்ட். 1979இல் அது தொடங்கியபோதே யூகான் அதில் உறுப்பினர். 2013இல் ஃபுட்பால் பள்ளிகளும் கூடைப்பந்துப் பள்ளிகளும் பாகம் பிரித்துக்கொண்டபோது பெயரைக் கூடைப்பந்துக்காரர்கள் எடுத்துப் போனார்கள், யூகான் ஏ.ஏ.சி.யில் மாட்டிக்கொண்டது. 1.7 கோடி டாலர் கொடுத்துத்தான் 2020இல் தாய்வீடு திரும்ப முடிந்தது. பதினொரு பள்ளிகளில் அரசுப் பல்கலைக்கழகம் இது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் கத்தோலிக்கக் கல்விநிலையங்கள். ஆனாலும் பொருத்தம் அப்படி. கூட்டணிப் பள்ளிகளில் பிராவிடன்ஸ் காரில் போய்வரும் தூரம். செயின்ட் ஜான்ஸ் நியூயார்க்கில், வில்லனோவா ஃபிலடெல்ஃபியா பக்கத்தில். மார்ச் மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆண்கள் கூட்டணிப் போட்டி. 2009இல் சிராக்யூஸுடன் ஆறு ஓவர்டைம் போய் 127-117 என்று தோற்றது அங்கேதான். 2011இல் யூகான் வீரர் கெம்பா வாக்கர் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து, அதே வேகத்தில் தேசியப் பட்டத்தையும் கொண்டுவந்ததும் அங்கேயிருந்துதான். இதற்கு விலை போட முடியாது என்று ரசிகனாக நான் சொல்லலாம். கணக்கு எழுதுகிறவர் அப்படிச் சொல்ல முடியாது.

ஏனென்றால் எதிர்ப்பக்கம் பிக் 12 நிற்கிறது. பெயரில்தான் 12, பள்ளிகள் பதினாறு. ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் என்ற இரண்டு டி.வி. நிறுவனங்களோடும் போட்ட ஒப்பந்தத்தில் பள்ளிக்கு ஆண்டுக்குச் சராசரி 3.17 கோடி டாலர். பிக் ஈஸ்ட்டில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 2018-19இல் மட்டும் யூகான் விளையாட்டுத் துறையில் துண்டு விழுந்தது 4 கோடி டாலருக்கு மேல். அதைப் பல்கலைக்கழகம்தான் ஈடுகட்டியது. போதாக்குறைக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தால் ஒரு பள்ளி தன் வீரர்களுக்கு நேரடியாக, முதல் ஆண்டான 2025-26இல், சுமார் 2.05 கோடி டாலர்வரை கொடுக்கலாம் என்றாகிவிட்டது. கொடுக்கலாம் என்றால் ஜெயிக்க நினைப்பவர்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருள்.

கூடைப்பந்துத் தரத்திலும் பிக் 12ஐக் குறை சொல்ல வழியில்லை. 2021இல் பெய்லர், 2022இல் கன்சாஸ் என்று சாம்பியன்கள். 2025 இறுதி ஆட்டம்வரை போனது ஹூஸ்டன். அந்த ஹூஸ்டனும் சின்சினாட்டியும் யூ.சி.எஃப்.பும் ஏ.ஏ.சி.யில் யூகானின் பழைய பங்காளிகள். யூகான் கிளம்பிய மறு ஆண்டே, 2021 செப்டம்பரில், இந்த மூன்றுக்கும் பிக் 12 அழைப்பு வந்தது. காத்திருந்தால் நமக்கும் வந்திருக்குமே என்று சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. ஒரே ஒரு வெற்றி பெற்ற ஃபுட்பால் அணியை யார் கூப்பிட்டிருப்பார்கள்?

இடிப்பது தூரம். பிக் 12இல் யூகானுக்கு மிக அருகில் இருக்கும் வெஸ்ட் வர்ஜீனியாவே 600 கிலோமீட்டருக்கு மேல். யூட்டாவில் உள்ள பி.ஒய்.யூ. 3,000ஐத் தாண்டும். ஃபுட்பால் அணி மாதத்துக்கு இரண்டு முறை பறந்தால் போதும். வாலிபால், சாஃப்ட்பால் பிள்ளைகள் வாரநடுவில் பறந்து வந்து வகுப்புக்கும் போக வேண்டும்.

பிக் 12க்கும் தயக்கம் இருந்தது. 2016இல் கூட்டணியை விரிவாக்கப் பார்த்தபோது வரிசையில் நின்ற பல பள்ளிகளில் யூகானும் ஒன்று. கடைசியில் யாரையுமே எடுக்கவில்லை. 2024இல் பிக் 12 ஆணையர் பிரெட் யார்மார்க் மறுபடி யூகான் பெயரை எடுத்தார். கூடைப்பந்து உடனே வரட்டும், ஃபுட்பால் 2031வரை காத்திருக்கட்டும் என்பதே திட்டம் எனச் செய்தி வந்தது. உறுப்பினர்கள் ஒத்துவராததால் செப்டம்பரில் பேச்சு நின்றது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, சீதனம்தான் போதவில்லை என்ற கதை.

மூன்றாவது ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்). வரைபடத்தை மட்டும் பார்த்தால் யூகான் இருக்க வேண்டிய இடம் அதுதான்: சிராக்யூஸ், பாஸ்டன் காலேஜ், பிட்ஸ்பர்க் எல்லாம் பழைய பிக் ஈஸ்ட் சொந்தங்கள். ஆனால் சொந்தத்துக்குள்தானே பகை அதிகம். பிக் ஈஸ்ட்டிலிருந்து ஆள் பிடித்ததற்காக 2003இல் கனெக்டிகட் அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமெந்தால் தொடுத்த வழக்கில் பாஸ்டன் காலேஜும் பிரதிவாதி. 2011இல் ஏ.சி.சி. மறுபடி ஆள் சேர்த்தபோது, யூகான் உள்ளே வருவதைத் தாங்கள் விரும்பவில்லை என்று பாஸ்டன் காலேஜின் அன்றைய விளையாட்டு இயக்குநர் வெளிப்படையாகவே சொன்னார். 2012இல் மேரிலாந்து ஏ.சி.சி.யை விட்டுப் போனபோது அந்தக் காலியிடத்துக்கு லூயிவில் தேர்வானது. காரணம் மறுபடியும் ஃபுட்பால்.

ஆனால் ஏ.சி.சி.யே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அதன் உறுப்பினர்களான ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் போட்ட வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமாகி, விலகும் கட்டணம் படிப்படியாக இறங்கி 2030-31இல் 7.5 கோடி டாலருக்கு வந்துவிடும். அந்த இரண்டு பெரிய பள்ளிகள் கிளம்பினால் இடம் காலியாகும், கூடவே பங்குப் பணமும் சுருங்கும். யூகான் உள்ளே போகும் நாளில் அந்த வீட்டில் யார் மிச்சம் இருப்பார்கள் என்பதுதான் என் பயம்.

ஃபுட்பாலை மட்டும் தனியாக மிட்-அமெரிக்கன் போன்ற சிறு கூட்டணியில் வைக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. வருமானம் சொற்பம், அதனால் நான் அதிகம் யோசிக்கவில்லை. இன்று நோட்ர டேமும் யூகானும்தான் எந்தக் கூட்டணியிலும் சேராத பெரிய பிரிவு ஃபுட்பால் அணிகள். நோட்ர டேமுக்குச் சொந்த டி.வி. ஒப்பந்தம் இருக்கிறது, யூகானுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இருந்தும் 2024இல் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி என்று முடித்து, சீசன் கடைசியில் நடக்கும் ஃபென்வே பௌல் ஆட்டத்தில் நார்த் கரோலினாவை வென்றார்கள். தானே எதிரணிகளைத் தேர்ந்து ஆடுவது இந்த அணிக்கு ஒத்துப்போகிறது.

ஆகவே என் ஓட்டு இப்போதைக்கு பிக் ஈஸ்ட்டுக்கு. பிக் ஈஸ்ட், பிக் 12 இரண்டின் டி.வி. ஒப்பந்தங்களும் 2031இல் ஒன்றாக முடிகின்றன. அதற்குள் பாதிப் பங்குக்கு ஒப்புக்கொண்டு ஓடுவதற்கு அவசரம் எதுவும் இல்லை. முழுப் பங்கும் ஃபுட்பாலுக்கு உறுதியான தேதியும் எழுத்தில் கொடுத்தால் மட்டும் பிக் 12 வாசலில் நின்று பேசலாம். வாலிபால் பிள்ளைகளின் விமானச் செலவையும் அப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.