கல்லடி வளவுக்கு எந்தக் கோழி?

மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் வீட்டு வளவில் நாலைந்து கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஊர்க்கோழியா, பண்ணை முட்டைக்கோழியா என்பதுதான்.

முட்டைக் கணக்கில் பண்ணை இனத்துக்கு ஈடில்லை. நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு 280 முட்டை வரை இடும். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாளில் பொரித்த குஞ்சுகளோடு கொஞ்சக் காலம் திரிந்த பின்பே மறுபடி இடும். ஆனால், குஞ்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில்தான் வேறுபாடு நன்றாகத் தெரியும். முட்டைக்கோழி அலகைத் திறந்து, சிறகை அகட்டி மூச்சு வாங்கும். தீனி குறையும், முட்டை ஓடு மெலியும். நண்பகலில் குளிர்ந்த தண்ணீர், கிடுகுக் கூரை, காற்றுப் புகும் கம்பிவலை, இடித்த சிப்பி எல்லாம் அதற்குக் கட்டாயம் வேண்டும். ஊர்க்கோழியோ முருங்கை நிழலில் மணலைக் கிளறி, குழி பறித்துப் புரண்டுவிட்டு, பொழுதுபட்டதும் மரக்கிளையில் ஏறிவிடும். மரநாய் திரியும் இடமென்றால் அதையும் இரவில் கூட்டில் அடையுங்கள்.

மாரியில் ஈரத்தரை இரண்டுக்கும் ஆகாது. ராணிக்கெட் என்னும் கோழி நோய்க்கான தடுப்பூசியும் இரண்டுக்கும் வேண்டும்.

என் தெரிவு ஊர்க்கோழிதான்: நான்கு பேடு, ஒரு சேவல். தினமும் முட்டை விற்க வேண்டுமென்றால் மட்டும் மற்றதை வாங்குங்கள்.