கோபர் கேஸ் ஸ்லரியா, எருக்குழிக் குப்பையா?

"கேஸ் எடுத்த சாணியில் அப்புறம் என்ன சத்து இருக்கப் போகிறது?" சாணியிலிருந்து அடுப்புக்குக் கேஸ் எடுக்கும் கலன் கட்டலாமா என்று பேச்செடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதுதான். நியாயமான சந்தேகம், ஆனால் கணக்கு தப்பு.

அடுப்பில் எரிவது மீத்தேன். அதில் கரிமமும் ஹைட்ரஜனும்தான் உண்டு. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், துளியும் கிடையாது. காற்றில்லாத கலனுக்குள் நுண்ணுயிரிகள் சாணியில் மிச்சமிருக்கும் மாவு, புரதம், கொழுப்பைத் தின்று, நாரிலும் ஒரு பகுதியை உடைத்து, முதலில் அமிலமாக்கும். பிறகு அது மீத்தேனும் கரியமில வாயுவுமாக மாறும். நாரைக் கெட்டியாக்கும் லிக்னின் மட்டும் ஏறக்குறைய அப்படியே வெளியே வந்துவிடும். புரதத்தில் கட்டுண்டு கிடந்த தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியமாக அவிழ்ந்து, கேஸ் எடுத்தபின் கலனிலிருந்து வெளியே வரும் சாணிக் கரைசலிலேயே, அதாவது ஸ்லரியிலேயே, நிற்கும். பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவம் அது. இந்த வேலைக்குத் தனியாக உறை ஊற்ற வேண்டியதில்லை. மாட்டின் முதல் வயிறே ஒரு கலன்தான். மீத்தேன் நுண்ணுயிரிகள் சாணியோடு கூடவே வருகின்றன.

எருக்குழியிலும் கரிமம் போகத்தான் செய்கிறது. சூடேறிய குவியலை மண்வெட்டியால் கிளறிப் பாருங்கள், ஆவி பறக்கும். கூடவே மூக்கில் ஏறும் காரநெடி அம்மோனியா, அதாவது உங்கள் தழைச்சத்து. அடுப்புக்கும் உதவாமல் வயலுக்கும் உதவாமல் போகிறது. தென்னை வைத்திருப்பவருக்கு இன்னொரு தலைவலி: காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடி வருவது இந்தக் குழியைத்தான்.

குப்பை எருதான் மண்ணில் நின்று வேலை செய்யும் என்பார்கள். கலனில் குறைவது, மண்ணுக்குப் போனாலும் சீக்கிரம் கரைந்துவிடுகிற கரிமம்தான். நின்று மெதுவாக மட்குவது கெட்டியான நார். அது இரண்டிலும் மிஞ்சுகிறது.

சரி, ஸ்லரியில் வம்பே இல்லையா? உண்டு. சாணிக்குச் சம அளவு தண்ணீர் கரைத்து விடுவதால், வெளியே வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தள்ளியிருக்கும் வயலுக்கு யார் சுமப்பது? அதனால் பலர் வெயிலில் காயப்போடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது: காயக் காய அம்மோனியம் வாயுவாகிப் பறந்துவிடும்.

2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணி, அதாவது நாலைந்து மாடு வேண்டும். அத்தனை மாடும் வீட்டையொட்டி வயலும் இருந்தால் நான் கலன் பக்கம்தான். ஸ்லரியை வாய்க்கால் தண்ணீரோடு விட்டுவிடலாம். வயல் தூரமென்றால் எருக்குழியையும் கைவிட வேண்டாம். சருகோ சோளத்தட்டையோ ஓர் அடுக்கு, அதன்மேல் ஸ்லரி ஓர் அடுக்கு என்று நிரப்புங்கள். தட்டை ஈரத்தைக் குடித்துவிடும், மட்கியதும் கூடையில் அள்ளலாம்.