ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா? நான்கு வருட ஸ்போர்ட்ஸ் கார் அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். நான் வைத்திருக்கும் அதே மாடல் ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறதாம். "வாங்கலாமாடா?" என்றான். முன் பம்பரைக் கழற்றி வேலை பார்த்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

இரண்டு சீட், இன்ஜின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலையிலும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேன். பவர், பிக்கப் எல்லாம் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்ததே. ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலம் தாண்டி ஓட்டினால், ரோட்டில் இருக்கும் சின்ன மேடுகூட ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும். அந்த சுகத்தில் நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் திரும்பி வரும்போது, திருவான்மியூர் சிக்னலில்.

முதல் கோடையிலேயே ஆரம்பித்தது. ஓடும்போது ஏ.சி. சில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் வெதுவெதுவென்று ஊதும். கேஸ் குறைந்துவிட்டது என்றார்கள், ஏற்றினேன். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள், மறுபடி ஏற்றினேன். இன்ஜின் சூடாகிறதோ என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் டெம்பரேச்சர் முள்ளைப் பார்ப்பேன். அது நடுவிலேயே நிற்கும். சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவேன்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அந்த முள்மேல்தான். இந்த வருடம், காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. கருவி ஒன்று வாங்கிச் செருகி, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை எண்ணாகவே பார்த்தேன். 88 டிகிரியிலும் முள் நடுவில், 101 டிகிரியிலும் நடுவில்! இப்போது பல கார்களில் முள்ளை இப்படித்தான் வைக்கிறார்கள். கொஞ்சம் ஏறி இறங்கினால் ஓட்டுபவர் பயந்து சர்வீசுக்கு ஓடிவருவார் என்று, நடுவில் ஒரு பெரிய இடைவெளிக்கு அசையாமல் நிற்க வைத்துவிடுகிறார்கள். நிஜமாகவே ஏதோ கெட்டுப்போயிருக்கும் என்னைப் போன்றவனுக்கும் அதே பதில்தான் கிடைக்கும்.

எண்களைப் பார்த்த பிறகுதான் கதை புரிந்தது. ரோட்டில் ஓடினால் 88, 90. அறுபது எழுபது வேகத்தில் எதிர்காற்றே போதும், ஃபேனுக்கு வேலையே இல்லை. சிக்னலில் நின்றால் 96, 99, 102 என்று நிற்காமல் ஏறும். 103ஐத் தாண்டியதும் ஃபேன் மிக்ஸி போல இரைந்து கிளம்பும், கொஞ்சம் இறக்கிவிட்டு நிற்கும், திரும்ப ஏறும். தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து, கூலண்ட் டேங்க் மூடியும் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கினால் 120க்கு மேல்தான் கொதிக்கும். அதனால் 104 ஆபத்து இல்லை, அது நியாயம்தான். ஆனால் பழைய ரப்பர் ஹோசும் பிளாஸ்டிக் டேங்கும் தினமும் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் எத்தனை நாள் தாங்கும்?

தெரிந்தவர் ஒருவர் சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் போடச் சொன்னார். நான் போடவில்லை. கூலண்ட் எப்போது ரேடியேட்டருக்குப் போக ஆரம்பிக்கும் என்பதைத்தான் அது மாற்றும். ரேடியேட்டரில் காற்றே இல்லாவிட்டால், சீக்கிரம் போய் என்ன ஆகப்போகிறது?

கடைசியில் ஒரு மெக்கானிக் எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்தார். "சார், இன்ஜின் ஓடட்டும், ஏ.சி. போட்டுட்டு முன்னாடி வாங்க. சத்தம் கேக்குதா?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஃபேனுக்கு இரண்டு வேகம். மெதுவான வேகத்துக்கு மின்சாரம், அதைக் குறைத்து அனுப்பும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும். வேகமானதற்கு நேராக வரும். ஏ.சி. போட்டால் மெதுவான வேகம் உடனே சுற்ற வேண்டும். என் வண்டியில் இரண்டு பக்கமும் ரெசிஸ்டர் போய்விட்டது. ஏ.சி.யின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் அதே இடத்தில் இருப்பதால்தான் ஏ.சி.யும் சேர்ந்து வெதுவெதுத்தது. நான் இரண்டு முறை ஏற்றிய கேஸ் தெண்டம்.

பம்பரைக் கழற்றியபோது பக்கத்திலேயே நின்றேன். ரெசிஸ்டர் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, கடல்காற்று வேலை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த சந்தில் வேப்பம்பூ, புங்க இலை, பூச்சி இறகு எல்லாம் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. இரண்டு கை நிறைய அள்ளினார். அப்புறம் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். தகடுகள் மடங்கிவிடும் என்று பிரஷர் பம்பைத் தொடவே இல்லை.

அன்று மாலை அதே சிக்னல், அதே வெயில். ஃபேன் மெல்லிசாக 'உம்ம்' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. 97ஐத் தாண்டவில்லை, ஏ.சி. சில்லென்று வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே பாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் சத்தத்துக்காக வாங்கிய வண்டியில் ஒரு ஃபேன் சத்தம் இவ்வளவு சந்தோஷம் தரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பழையது வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். ஏ.சி. போட்டு, இறங்கி, இரண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்திலும் குனிந்து காது கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றினாலும் பம்பர் கழற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள்.

நண்பனுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். வேறு கார் இல்லாமல், தினமும் ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போகிறவன் அவன். கத்திரி முடிந்து மழைக்காலத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. நேற்றிலிருந்து வலது பக்க ஃபேனில் லேசாக ஒரு கரகரப்பு கேட்கிறது.