வேக்குவம் கசிவு: கை பம்ப்பா, புகையா, காதா?

பழைய மெர்சிடீஸ் டபிள்யூ123 டீசல் காரில் ஏசி பட்டனை அழுத்துகிறீர்கள். புளோயர் சுற்றுகிறது, காற்றும் சில்லென்றுதான் இருக்கிறது. ஆனால் நடு வென்ட்டில் ஒன்றும் வராமல் எல்லாம் முன்கண்ணாடிப் பக்கமே போகிறது. வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே அணையாமல் இன்னும் கொஞ்சம் தடதடத்துவிட்டுத்தான் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் கேஸ் நிரப்பக் கிளம்ப வேண்டாம். வேக்குவம், அதாவது குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுவிசை, எங்கோ ஒழுகுகிறது.

1976-இல் அறிமுகமாகிப் பத்தாண்டு காலம் ஓடிய மாடல் இது. இதில் காற்றைத் திருப்பிவிடும் ஃப்ளாப்புகளை மோட்டார் நகர்த்துவதில்லை. ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) வைத்த சின்ன டப்பாக்கள், அதாவது ஆக்சுவேட்டர்கள், வேக்குவத்தால் இழுத்து நகர்த்துகின்றன. டீசல் இன்ஜினில் உள்ளே போகும் காற்றைத் தடுக்கும் திராட்டில் வால்வு இல்லாததால், காற்று நுழையும் குழாயான மேனிஃபோல்டில் இழுவிசை கிடைக்காது. அதனால் இன்ஜினோடு சேர்ந்தே ஓடும் தனி வேக்குவம் பம்ப் உண்டு. பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர், ஏசி, கதவுப் பூட்டுகள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இன்ஜினை அணைக்கும் வால்வு எல்லாமே அந்த ஒரு பம்ப்பை நம்பித்தான் இருக்கின்றன. ஒரே கிணற்றில் பத்து வாளி. பின்கதவுப் பூட்டில் விழுந்த கீறல், டேஷ்போர்டில் ஏசிக் கோளாறாக வந்து நிற்கலாம். வேக்குவம் இல்லாத நிலையில் ஃப்ளாப்புகள் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடும்படி வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறார்கள். பனியில் கண்ணாடி மறைந்தால் ஆபத்து, முகத்தில் காற்று படாவிட்டால் வெறும் எரிச்சல்தானே.

கசிவைத் தேட நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். பெட்ரோல் இன்ஜினில் சந்தேகப்படும் இடத்தில் கார்ப் கிளீனரை (கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயை) பீய்ச்சி, ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அது மேனிஃபோல்டு கசிவுக்கான வித்தை, இங்கே எதுவும் சொல்லாது. தீப்பற்றும் ஸ்ப்ரேயை டீசலின் காற்றுக் குழாய் அருகே அடிப்பது இன்ஜினைத் தறிகெட்டு ஓடவைக்கும் வேலை. டேஷ்போர்டுக்குள் அடித்தாலோ, பொறி பறக்கும் புளோயர் மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது.

மிஞ்சுவது கை பம்ப், ஸ்மோக் மெஷின், நம் காது.

கை பம்ப் என்பது கேஜ் பொருத்திய சின்னப் பிஸ்டன். பிடியை அழுத்த அழுத்த வேக்குவம் ஏறும். வேலையைத் தொடங்குமுன் அதன் முனையை விரலால் அடைத்து, முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பம்ப்பே ஒழுகினால் காரில் இல்லாத ஓட்டையை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்போம். பிறகு பிரதான குழாயிலிருந்து பிரியும் மெல்லிய கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கேஜில் 15 அங்குலப் பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு) வரை இழுத்து, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் ஏறவே மறுத்தால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஏறி, மெல்ல இறங்கினால் ஊசித்துளை. இந்த வித்தியாசம் முக்கியம். ஊசித்துளையை ஓடும் இன்ஜினின் பம்ப் ஈடுகட்டிவிடும். அதற்காக டேஷ்போர்டைப் பிரிப்பவருக்கு நேரம் ஏராளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மோசமான கிளை கிடைத்ததும், ஆக்சுவேட்டர்களுக்கு வேக்குவத்தைப் பிரித்து அனுப்பும் வால்வுத் தொகுப்புக்குப் போய், ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் தனித்தனியே இழுத்துப் பார்க்கலாம். நல்லது ‘டப்’பென்று ஃப்ளாப்பை நகர்த்தி அப்படியே பிடித்து நிற்கும். சிலவற்றில் இரண்டு முனை இருக்கும். ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது எல்லாரும் செய்யும் தவறு.

ஸ்மோக் மெஷின் பார்க்கப் பிரமாதம். எண்ணெயைச் சூடாக்கிப் புகையாக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில் குழாய்க்குள் தள்ளும். புகை எங்கே கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. கார்ப்பெட்டுக்கு அடியில் கதவு வரை ஓடும் நீண்ட குழாய்களுக்கு இதைப்போல எதுவும் இல்லை. ஆனால் ஏசி ஃப்ளாப்புகளுக்கு எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை, காரணம் திசை. வேக்குவம் டயாஃப்ரமை ஒரு பக்கம் இழுக்கிறது, புகை அதை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இழுக்கும்போது வாய் திறக்கும் விரிசல், தள்ளும்போது மூடிக்கொள்ளும். இன்னொன்று, வேக்குவத்தை விடுவிப்பதற்காகவே வால்வுகளில் வெளிக்காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். அதில் புகை வருவது கோளாறே அல்ல. ஒருமுறை அந்தப் புகையைப் பார்த்து நல்ல வால்வுத் தொகுப்பு ஒன்றை நானே கழற்றி எறிந்திருக்கிறேன். டேஷ்போர்டுக்குள் கசிந்தாலும் புகை காற்றுக்குழாய் வழியாக எல்லா வென்ட்டிலும் வந்துவிடும். உள்ளே ஓட்டை இருப்பது தெரியும், எந்த ஆக்சுவேட்டர் என்பது தெரியாது. மெஷின் இல்லாதவர்கள் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாட்டுவது இன்னும் மோசம். நாற்பது வருட ரப்பர் அதைத் தாங்காது.

காதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். டீசல் ஓடும்போது ஒன்றும் கேட்காதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கை பம்ப்பை அடிக்க, மற்றவர் இரண்டடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் மேல் மெல்ல நகர்த்த வேண்டும். ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம் வரும் இடத்தில் முக்கால்வாசி நேரம் ஒரு ரப்பர் இணைப்பு வெடித்திருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் குழாய் சுலபத்தில் சாகாது, அதன் நுனியில் மாட்டிய ரப்பர்தான் முதலில் போகும்.

ஆக, ஏசிக்குக் கை பம்ப்பும் காதும், கதவுப் பூட்டின் நீண்ட குழாய்களுக்கு மட்டும் புகை. ஒரு கேஜ் மட்டும் கையில் இருந்தால் ஓடும் இன்ஜினின் பிரதான குழாயில் மாட்டுங்கள். 20 அங்குலத்துக்கு மேல் காட்டினால் பம்ப் நலம். குறைவாக இருந்தால் கிளைகளை அடைத்துப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் பிரேக் பூஸ்டரையும் வேக்குவம் பம்ப்பையும்தான் சந்தேகிக்க வேண்டும். பிரேக் மிதி கல் மாதிரி இறுகியிருந்தால் ஏசியை மறந்துவிட்டு வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

அமெரிக்காவுக்குப் போன ஆரம்பகால டபிள்யூ123-களில் ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றில் வெந்நீரையும் வேக்குவத்தையும் சர்வோ என்ற ஒரே பிளாஸ்டிக் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டுப்படுத்தியது. அது விரிசல் விட்டால் மேற்சொன்ன வரிசையெல்லாம் வீண், முதலில் சர்வோவைப் பாருங்கள். பின்னால் வந்த புஷ்பட்டன் கார்களில் இந்தத் தொல்லை இல்லை.

சரிசெய்வதிலும் தேர்வு இருக்கிறது. கைக்கு எட்டும் ஆக்சுவேட்டரின் டப்பா நன்றாக இருந்தால் டயாஃப்ரம் மட்டும் மாற்றினால் போதும். டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுக்க முடியும் என்றால் முழு ஆக்சுவேட்டராகவே மாற்றிவிடுவேன், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. அந்த வேலையை இரண்டாம் முறை செய்ய முதுகு இடம் கொடுக்காது. பணம் கூடும்வரை பூட்டுக் கிளையை ஒரு ஸ்க்ரூவால் அடைத்து வைத்தாலும் தப்பில்லை, ஏசியும் இன்ஜின் அணைப்பும் ஒழுங்காக வேலை செய்யும். கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டேஷ்போர்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன், மாற்றிய ஒவ்வொன்றையும் கை பம்ப்பால் இழுத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து முள்ளைப் பாருங்கள்.