ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கம்பியா: தோட்டத்துச் சாளைக்கு எது எடுக்கும்?

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அப்பாரு (தாத்தா) காலத்து ஓட்டு வீடு, மண்சுவர் ஒன்றரை அடி கனம். பின்னால் இரண்டு கான்கிரீட் அறைகளை அப்பா சேர்த்தார். வாசலிலிருந்து 40 மீட்டரில் தகரக் கூரை போட்ட தறி ஷெட். இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, அதைத் தாண்டி 200 மீட்டரில் கோழிப் பண்ணை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் கம்பி உள்ளே நுழைந்த இடத்திலேயே, ஆசாரத்து (முன்கூடத்து) பீரோவுக்குப் பின்னால், வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னறையில் மகனின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறும். தறி ஷெட்டில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு என் மொபைல்தான் நெட். பண்ணைக்கு ஒன்றுமே இல்லை.

"மாமா, மெஷ் வாங்கி மாட்டிருங்க, எல்லாஞ் செரியாயிரும்" என்றான் கோயமுத்தூரில் ஐடி வேலை பார்க்கும் மச்சினன். மெஷ் என்றால், ஆங்காங்கே வைக்கும் பல வைஃபை பெட்டிகள் ஒரே வலையாகச் சேர்ந்து வேலை செய்வது. மச்சினன் இருப்பது 900 சதுர அடி அபார்ட்மெண்ட். அங்கே அது சரிதான். இங்கே பின்னறை, தறி ஷெட், பண்ணை என்று மூன்று தூரம். குறுக்கே நிற்பதும் மூன்று விதம். ஒரே பெட்டி மூன்றையும் தீர்க்கும் என்று நம்பித்தான் முதல் எட்டாயிரத்தை விட்டேன்.

காசு செலவழிப்பதற்கு முன் செய்திருக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை லேன் கம்பியால் நேராகப் பெட்டியில் சொருகி வேகம் பாருங்கள். அங்கேயே குறைவென்றால் கோளாறு வைஃபையில் இல்லை, இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட வேண்டும். கம்பியில் 100 எம்பிபிஎஸ் முழுசாக வந்து பின்னறையில் மட்டும் 6 என்றால்தான் இந்த அலசலுக்கே வேலை. அப்புறம் போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டு, அறை அறையாக நடந்து சிக்னலைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, மைனஸ் எண் கூடக் கூட வலு குறைவு) வரை வீடியோ கால் தடையில்லாமல் ஓடும். மைனஸ் 80ஐத் தொட்டால் கோடு காட்டும், வேலை நடக்காது. எங்கள் பின்னறையில் மைனஸ் 84. பீரோவுக்குப் பின்னாலிருந்த பெட்டியை ஆசாரத்தின் நடுத்தூணில் ஆறடி உயரத்துக்கு மாற்றியதும் அது மைனஸ் 75 ஆனது. செலவு பத்து மீட்டர் ஃபைபர் பேட்ச் கார்டு மட்டும். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கிறது என்பதை அந்தப் பெட்டியை மாட்டியவர் யோசித்திருக்கலாம்.

இனி வீட்டுக்குள். ரிப்பீட்டர், அதாவது வரும் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி, 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது, சுவர் பிளக்கில் சொருகினால் ஆச்சு. ஆனால் மலிவான ரிப்பீட்டரில் ரேடியோ ஒன்றுதான். கேட்பதும் அதே வாய், திருப்பிச் சொல்வதும் அதே வாய். அதனால் வேகம் பாதியாகிறது. நம் ஆட்கள் இன்னொரு தப்பும் செய்கிறோம்: சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் அதைச் சொருகுகிறோம். வராததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு, ஒரே ஒரு அறைக்கு, மெயில் பார்க்கிற அளவு போதும் என்றால் ரிப்பீட்டர் வாங்கலாம். வேறு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மெஷ் அதைவிட நாலு படி மேல். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர். பேசிக்கொண்டே நடந்தால் போன் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதும் காற்று வழியாகத்தான். நடுவில் ஒன்றரை அடி மண்சுவர் இரண்டு நின்றால் வைஃபையின் இரண்டு அலைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் சோர்ந்துவிடும், 2.4 மட்டும் தப்பிப் போகும். 2.4இல் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, வேகமும் குறைவு. மெஷ் மாட்டியபின் பின்னறையில் சிக்னல் கோடு முழுசாக நின்றது, வேகம் 22 எம்பிபிஎஸ். கோட்டை மட்டும் பார்த்து ஏமாறுவது இப்படித்தான். போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவிலுள்ள உறவைத்தான் அது காட்டுகிறது. அந்தப் பெட்டிக்கும் தலைப்பெட்டிக்கும் நடுவிலுள்ள சண்டையைக் காட்டாது.

கடைசியில் ஜெயித்தது, பழைய சாமான் கூடையில் கிடந்த ரூட்டர். ஓட்டுக்கடியில் கைமரத்தை ஒட்டி 18 மீட்டர் கேட் 6 லேன் கம்பி இழுத்து, அந்த ரூட்டரைப் பின்னறையில் அக்சஸ் பாயிண்டாக (கம்பியில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக) வைத்தேன். செட்டிங் இவ்வளவுதான்: பழைய ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும் (தலைப்பெட்டி 192.168.1.1 என்றால்). அதிலுள்ள டிஹெச்சிபியை (ஒவ்வொரு போனுக்கும் முகவரி கொடுக்கும் வேலையை) அணைக்க வேண்டும். கம்பியை வேன் (WAN) துளையில் சொருகாமல் லேன் (LAN) துளையில் சொருக வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் தலைப்பெட்டியில் உள்ளது போலவே, சேனல் மட்டும் வேறு. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். ஒரு போனில் நெட் வரும், பக்கத்துப் போனில் வராது, பேய் பிடித்த மாதிரி இருக்கும். பின்னறையில் இப்போது 95. மெஷ்ஷின் இரண்டாவது பெட்டிக்கே கம்பி கொடுத்தாலும் இதே பலன்தான். அதனால் மெஷ் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், கம்பி மட்டும் வாங்குங்கள்.

கம்பி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைவான சுருள்கள் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். வளைத்தால் ஒடியும், நாளாக நாளாக முனையில் தொடர்பு விடும். முழுச் செம்பாகவே கேளுங்கள். போட்டபின் வேகம் 95ஐத் தாண்டவே இல்லை, ஆனால் உங்கள் பிளான் 200 என்றால், கம்பிக்குள்ளிருக்கும் எட்டு இழையில் ஏதோ ஒன்று முனைப் பிளக்கின் கிரிம்பில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். ஜிகாபிட்டுக்கு (1,000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும், 100க்கு நாலே போதும். அதனால் கம்பி சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்.

பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று உண்டு, கரண்டு ஒயரிலேயே நெட்டை அனுப்புவது. தறி ஷெட்டுக்கு இதைத்தான் முதலில் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இதை நினைப்பதே வீண். வீட்டுக்கு ஒரு மின் சர்வீஸ், தறிக்கு ஒரு சர்வீஸ், கிணற்று மோட்டாருக்கு ஒன்று. 2023இல் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஆனபின் யாரும் அந்தச் சர்வீஸைக் கலக்க மாட்டார்கள். நெட் இரண்டு கரண்டு மீட்டரைத் தாண்டி, கம்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். தாண்டினாலும் மும்முனைக் கரண்டில் வேறு ஃபேஸில் விழுந்தால் வலு குன்றும். எல்லாவற்றுக்கும் மேலே, தறி ஒவ்வொன்றுக்கும் மோட்டார். அவை ஓடும்போது ஒயரில் எழும் இரைச்சலில் எந்தச் சிக்னலும் நிற்காது. ஒரே கரண்டு மீட்டருக்குக் கீழே இருக்கும் மாடி வீட்டுக்கு ஆகலாம். இன்வெர்ட்டர் லைனில் மட்டும் சொருகிவிடாதீர்கள்.

ஆக தறி ஷெட்டுக்குக் கம்பிதான். எந்தக் கம்பி என்பதில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. கேட் 6 செம்புக் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும், இது 40 மீட்டர்தானே என்று வேப்ப மரத்தில் கட்டி இழுத்துவிட்டேன். எட்டு மாதம் அருமையாக ஓடியது. சித்திரையில் கோடை மழை. இடி எங்கள் மேல் விழவில்லை, இரண்டு தோட்டம் தள்ளி ஒரு பனை மரத்தில் விழுந்தது. அன்றைக்கு ஷெட்டிலிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச், கம்ப்யூட்டரின் லேன் துளை, ஆசாரத்துப் பெட்டியின் ஒரு துளை மூன்றும் போயின. எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, ரெண்டு கட்டடத்துக்கும் எர்த்து வேற வேற, நடுவுல செம்ப இழுத்து உட்டா இப்பிடித்தானுங்" என்றார். அதுதான் காரணம். இடி விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலேயே வோல்டேஜ் இடத்துக்கு இடம் மாறுபடும். வீட்டு எர்த்துக்கும் ஷெட் எர்த்துக்கும் நடுவே வந்த வித்தியாசம் சுலபமான வழி தேடி, மெல்லிய லேன் கம்பியில் பாய்ந்தது. மரத்தில் கட்டாமல் மண்ணுக்கடியில் புதைத்திருந்தாலும் இதே கதைதான்.

அதற்குப் பதில் கண்ணாடி இழை. ஒற்றை இழை ஃபைபரும் இரண்டு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டரும் (ஒளியையும் லேன் சிக்னலையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் பெட்டி), நான் வாங்கினபோது எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. வீட்டுக்கு நெட் வரும் அதே டிராப் கேபிள்தான். மீட்டருக்கு நல்ல செம்புக் கம்பியைவிட மலிவு. முனை போட்டுக் கொடுக்க ஊர்க் கேபிள்காரத் தம்பியிடம் கருவி இருக்கிறது. இரண்டு எச்சரிக்கை. ஒற்றை இழையில் போக 1310 நானோமீட்டர் ஒளி, வர 1550. அதனால் கன்வெர்ட்டர் ஏ ஒன்று, பி ஒன்று என்று ஜோடியாக வேண்டும். கடையில் இரண்டு ஏ கொடுத்துவிட்டார்கள், அரை நாள் விளக்கு எரியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று, டிராப் கேபிளோடு ஒட்டி ஒரு எஃகுக் கம்பி வரும், தாங்குவதற்கு. அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். உள்ளே விட்டால் செம்பைக் கழற்றிவிட்டு இரும்பை மாட்டிய கதையாகிவிடும். ஷெட்டுக்குள் இன்னொரு பழைய ரூட்டர். தகரக் கூரைக்குள் வைஃபை தளும்புகிறது, வெளியே ஒரு சொட்டுக்கூட வருவதில்லை.

பண்ணைக்கு 200 மீட்டர், அங்கே நாலு கண்காணிப்புக் கேமராவுக்கு நெட் வேண்டும். இங்கே ஃபைபருக்கும் வெளிப்புற வயர்லெஸ் பிரிட்ஜுக்கும் (எதிரெதிரே வைத்துக் காற்று வழியாக நெட் அனுப்பும் ஜோடிப் பெட்டி) தான் போட்டி. சிம் போட்ட கேமராவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, நாலு கேமராவுக்கு மாதாமாதம் நாலு ரீசார்ஜ் யார் செய்வது? ஃபைபர் தரத்தில் மேல், சந்தேகமில்லை. மேலே இழுத்தால் தென்னை மட்டை விழுந்து அறுக்கும். புதைத்தால் டிராக்டர் கலப்பை, பெருச்சாளி. பக்கத்துத் தோட்டத்து மாமா பழைய சொட்டுநீர்ப் பைப்புக்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதைத்திருக்கிறார், மூன்று வருடமாக ஓடுகிறது. என் பாதையில் பொது வண்டித்தடம் குறுக்கே வருகிறது, தோண்டினால் வம்பு. அதனால் பிரிட்ஜ்.

5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் வெளிப்புறத்திலும் பயன்படுத்த 2018இல் அரசாணை வந்துவிட்டது, அந்தக் கவலை இல்லை. கவலை தென்னைதான். ஈர ஓலை அலையைக் குடித்துவிடும். வெயிலில் ஓடிய இணைப்பு ஐப்பசி மழையில் படுக்கும். மச்சினன் தண்ணீர்த் தொட்டி மேல் வைக்கச் சொன்னான். 25 அடி உயரம், நேராக மட்டைகளின் நடுவில். வேலைக்கு ஆகவில்லை. இறக்கி, பன்னிரண்டு அடிக் குழாயில், இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே பார்த்து வைத்தேன். எங்கள் தோப்பு நெட்டை ரகம், 25 அடிக்கு 25 அடி நடவு. மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர். 200 மீட்டர் தூரத்துக்கு 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை நடுவழியில் கேட்பது நேர்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளிதான். தண்டுகளுக்கு நடுவே, மட்டைக்குக் கீழே, தாராளமாகப் போகிறது. குட்டை ரகம் வைத்தவர்களுக்கு இந்த வழி இல்லை, மட்டை தரைவரை தொங்கும். அவர்கள் பைப்புக்குள் ஃபைபரையே விடட்டும். பிரிட்ஜ் பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது, கைக்கு வருவது 70. நாலு கேமராவுக்குப் போதும், மீதியும் இருக்கிறது.

பதிவை எங்கே வைப்பது என்பதிலும் இரண்டு வழி. கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு என்றால் இணைப்பு அறுந்தாலும் பதிவாகும். ஆனால் கேமராவைத் திருடினால் பதிவும் கூடவே போகும், ஓயாமல் எழுதி எழுதிக் கார்டும் தேயும். நான் வீட்டில் ரெக்கார்டர் வைத்தேன். கேமரா ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு ஒரு டிபி டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். டிஸ்க் கண்காணிப்புக்கென்று விற்கும் ரகமாக இருக்கட்டும்.

கரண்ட் போனால் ஆசாரத்துப் பெட்டி, கன்வெர்ட்டர், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் குட்டி டிசி யூபிஎஸ் போட்டேன். பெட்டி கேட்கும் வோல்டேஜைப் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் பெட்டிக்கு 12, பிரிட்ஜுக்கு 24. பண்ணைக் கேமராக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே போடவில்லை. கோடையில் பண்ணையில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் கோழிகள் அதிக நேரம் தாங்காது. இப்போது நாலு கேமராவும் ஒன்றாகக் கறுத்து, பிரிட்ஜ் மட்டும் உயிரோடிருந்தால், போனில் சத்தம் கேட்ட நிமிடமே ஜெனரேட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். பிரிட்ஜும் சேர்ந்து போயிருந்தால் இணைப்புக் கோளாறுதான், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் இருந்தேன். யூபிஎஸ் பேட்டரி தீர்ந்தாலும் அப்படித்தான் காட்டும் என்று மனைவி சொன்னபின், அதற்கும் எழுந்து போகிறேன்.