மாதந்தோறும் மணியடிக்கும் மார்பகச் செயலி: ஐந்துக்கு மூன்று

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கென்று வந்திருக்கும் செயலிகளில் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். பெயரைச் சொல்லிக் குறை கூற விருப்பமில்லை. நான் எழுதுவதில் பாதியாவது இந்த வகைச் செயலிகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

படங்களுக்காக மட்டுமே இதை வைத்துக்கொள்ளலாம். கட்டி ஒன்றைத் தவிர வேறு அறிகுறி எதையும் அறியாமலே நாற்பதைத் தாண்டிவிடுகிறோம். தோலில் விழும் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, திடீரென உள்வாங்கும் காம்பு, காம்பிலிருந்து தானாகக் கசியும் இரத்தம் கலந்த நீர், அக்குள் வீக்கம் என ஒவ்வொன்றையும் கோட்டோவியமாக வரைந்திருக்கிறார்கள். அதையும் பல தோல் நிறங்களில். கருத்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, அந்த இடம் இன்னும் கருத்தோ ஊதா சாயலிலோ தெரியலாம் என்று ஒரு வரி வருகிறது. என் நிறத்துக்கு எழுதிய வரி அது.

இன்னொன்றும் பிடித்தது. சுயபரிசோதனை செய்தால் உயிர் பிழைக்கலாம் என்று இது ஆசை காட்டவில்லை. ஷாங்காய் நகரின் ஆலைப் பெண்கள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்குச் செய்த பயாப்சிகள், அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனைகள்தான் கூடின. அதனால் செயலி, உங்கள் மார்பகத்தின் இயல்பைத் தெரிந்துவைத்திருங்கள், மாறினால் மருத்துவரிடம் போங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நாணயமான பேச்சு.

இனி வழக்கு. உள்ளே நுழைந்ததும் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்கிறது. எனக்கு நின்றுபோய்விட்டது. அதைச் சொல்ல வழியே இல்லை. ஏதாவது ஒரு தேதியைப் போட்டால்தான் கதவு திறக்கிறது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும் நோய்க்கு இப்படி ஒரு வாசல். அறிவிப்பு வரும் அழகோ அதைவிட மோசம். பூட்டிய திரையில், "உங்கள் மார்பகங்களைப் பார்க்கும் நாள்" என்று கொட்டை எழுத்தில். என் கைபேசியை வீட்டில் எல்லோரும்தான் எடுக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது குடும்ப வரலாற்றுப் பக்கத்தில். தாய், சகோதரி, மகள். மூன்றே கட்டங்கள். எனக்கு மரபில் வந்தால் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை இருக்கும் பக்கத்திலிருந்து, அப்பா வழியாகத்தான் வர வேண்டும். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் தகப்பன் வழியிலும் அதே அளவுக்கு இறங்கும் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். அத்தைக்கு இடமில்லாத அந்தப் படிவம் எனக்குப் பச்சை நிறத்தில் "ஆபத்து குறைவு" என்று சான்றிதழ் கொடுத்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பெண் என்பதும் வயதும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லாதவர்களுக்கே சுமார் பாதி மார்பகப் புற்றுநோய்கள் வருகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பச்சை நிறத்தை உடனடியாக எடுத்துவிட வேண்டும்.

நடுநடுவே, கைபேசியில் பொருத்தும் வெப்பக் கேமராவுக்கு ஒரு விளம்பரமும் ஓடுகிறது. வெப்பப் படம், மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. காசுக்காக இதையுமா?

மேமோகிராம் எடுக்கும் வயதும் இடைவெளியும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 50 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். அமெரிக்காவின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரை 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. செயலி இதையெல்லாம் அட்டவணை போட்டுக் காட்டுகிறது, ஆனால் அடுத்த மேமோகிராமுக்கு நினைவூட்டல் வைக்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது. மாதந்தோறும் மணியடிக்கத் தெரிந்ததற்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கத் தெரியவில்லை.

அந்த வேலையை எனக்குச் செய்தது பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த சாதாரணக் குறுஞ்செய்தி. தேதி, நேரம், இடம். மேலாடை தனியாகக் கழற்ற வசதியான உடையில் வரவும். அக்குளில் பவுடரோ டியோடரண்டோ வேண்டாம், அதன் துகள்கள் படத்தில், சில சமயம் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரியலாம். வருவதானால் 1, தேதி மாற்ற 2 என்று பதில் அனுப்பவும். இவ்வளவுதான். முதன்முறையாக அழைக்கப்பட்ட பெண்களுக்கு 48 மணி நேரம் முன்னதாக இப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியதில் வருகை கூடியதை லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு அதில் வியப்பில்லை.

தரவிறக்குபவர்கள் முதல் வேலையாக அமைப்புகளுக்குப் போய்ப் பூட்டுத்திரை அறிவிப்பை நிறுத்திவிடுங்கள், ஆபத்துக் கணக்கைத் தொடாதீர்கள், படங்களை நிதானமாகப் பாருங்கள். என் நாத்தனாருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. அவருடைய எண்ணைக் குறுஞ்செய்திப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.